கோகிலா, பூஜ்ஜியம் நொடி

மாட்டுத் தரகர் பூபதியின் முகத்தில் எதுவும் தெரியாது. அதுதான் அவருடைய தொழில்.

புதுவலசு வியாழச் சந்தையில் ஜோடிக் காளையின் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. தரகரும் வாங்குபவரும் கை கொடுத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்தால் எத்தனை என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். எல்லாப் பொருளின் விலையும் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்த அந்த வருடங்களில், போனுக்கு வராத ஒரே விலை புதுவலசில் துண்டுக்கு அடியில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வந்து படம் எடுத்துப் போனார்கள். துண்டைத்தான் எடுக்க முடிந்தது.

துண்டுக்கு வெளியே இருப்பது தரகரின் முகம் மட்டும். அதில் ஒரு புருவம் அசைந்தால் பேரம் கெட்டது. பூபதியின் புருவம் முப்பது வருடமாக அசையவில்லை. வாங்குபவரைப் பிடிக்குமா, விற்பவரைப் பிடிக்குமா, மாட்டையாவது பிடிக்குமா என்று யாரும் கண்டுபிடித்ததில்லை.

அந்த வியாழக்கிழமை அவர் தாராபுரம் மோகனசுந்தரத்தின் கையைப் பிடித்திருந்தார். அய்யாவு என்பவரின் காங்கயம் ஜோடி. அய்யாவு இரண்டடி தள்ளி, காளைகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார். மோகனசுந்தரம் நடுவிரலில் நின்றிருந்தார். இன்னும் ஒரு விரல் வந்தால் முடிந்தது.

பூபதியின் சட்டைப் பையில் போன் அடித்தது.

நாதசுரமும் தவிலும். நடுவே பெண்கள் குலவையிட்டார்கள். கெட்டிமேளம் ஓங்கி, சந்தையின் அந்தக் கோடிவரை போயிற்று.

மோகனசுந்தரத்தின் விரல் அப்படியே நின்றது.

"யாருங்க அது?"

"யாரோ."

"யாரோ கூப்பிட்டா இப்படியா அடிக்கும்? எம் பையன் கண்ணாலத்துக்கே இவ்வளவு அடிக்கல."

அய்யாவு எட்டிப் பார்த்தார். சட்டைத் துணிக்குள்ளிருந்து பெயர் பளிச்சென்று தெரிந்தது. "அந்தியூர் ரத்தினமுங்க! ஏனுங் தரகரே, அவரும் இந்த ஜோடியைத்தான் கேக்கறாருங்களா?" என்றார். கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப சித்த பொறுங்."

மோகனசுந்தரம் துண்டுக்குள்ளிருந்து கையை உருவவில்லை. இடது கையால் தன் போனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். பூபதியின் பை மறுபடி அடித்தது. இந்த முறை தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடும் சத்தம். கறகறவென்று பதினொரு நொடி ஓடி, புகைந்து நின்றது.

"இது யாருக்குங்க?" என்று அய்யாவு கேட்டார்.

"எனக்கு" என்றார் மோகனசுந்தரம்.

ஊசி போட வந்திருந்த கால்நடை மருத்துவர்தான் விவரம் சொன்னார். "புதுப் போனுங்களா? இது நெஞ்சோட துடிப்பைப் படிக்கும். நாப்பது நாள் படிச்சுட்டு, யார் மேல உங்களுக்கு என்ன எண்ணமோ அதுக்குத் தக்க தானே ஒரு மணியைக் கட்டிக்கும். எங்க ஆஸ்பத்திரியில பாதிப் பேரு இதுக்குப் பயந்து பழைய போனுக்கே போயிட்டாங்க."

பூபதி அப்படித் திரும்பிப் போக முடியாது; அவருடைய பழைய போனை ஒரு எருமை மிதித்திருந்தது. பெங்களூரில் இருந்த மகள் நிவேதா, அப்பாவுக்கும் அம்மாவுக்குமாக இரண்டு புதுப் போன் அனுப்பியிருந்தாள். போன வெள்ளிக்கிழமை முதல் விதவிதமாக அடித்தபோது, மகள் ஏதோ பாட்டு வைத்திருக்கிறாள் என்று பூபதி நினைத்துக்கொண்டார்.

அதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். ஆளாளுக்கு பூபதியை அழைத்தார்கள், பூபதியின் எதிரில் நின்றுகொண்டே. சந்தைத் தலைவர் துரைசாமிக்குக் குக்கர் விசில், மூன்று. சுங்கச் சீட்டுக் கொடுப்பவருக்குக் கொசு. இருபது வருடமாகச் சேர்ந்து தொழில் செய்த இன்னொரு தரகருக்கு யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம். அவர் போனை வெறித்துப் பார்த்துவிட்டு, "நானும் உன்னை அப்படித்தான் நெனச்சேன் மாப்ள" என்று சொல்லிப் போனார்.

கடைசியாக டீக்கடை மணிமேகலை அழைத்தாள். கொலுசு. மெதுவாக, ஒவ்வொரு அடியாக, ஒன்பது நொடி நடந்து வந்தது.

எழுந்த சிரிப்பில் ஒரு கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"டீக்குத்தாய்யா அது" என்றார் பூபதி. "டீ வருதுன்னு அது." யாரும் கேட்கவில்லை.

மணி என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனை வெளியே எடுத்தார். மனைவி கோகிலா அழைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, டீக்கடைக்காரிக்குக் கொலுசாமா?"

சந்தைக்கும் வீட்டுக்கும் ஏழு கிலோமீட்டர். செய்தி நான்கு நிமிடத்தில் போயிருந்தது.

"அது டீக்கு."

"இருக்கட்டுமுங்க. எனக்கு என்ன வருது?"

பூபதி யோசித்தார். ஒரு வாரமாக அவள் நாளைக்கு மூன்று தடவையாவது அழைத்திருக்கிறாள். ஒரு பாட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"சந்தைச் சத்தத்துல சரியாக் கேக்கல."

"சரி. சாயங்காலம் ஊட்டுக்கு வாங்க. பக்கத்துல உக்காந்து கூப்புடறேன். சத்தமில்லாமக் கேக்கலாம்."

பூபதி காளைப் பேரத்தை அப்படியே விட்டார். பேருந்து நிலையத்துக்குப் போனார். அங்கே ஹசீனா போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள்.

"வாங்கண்ணா. கெட்டிமேளம் எனக்கும் கேட்டுச்சு" என்றாள்.

"கிண்டல் பண்ணாத, தங்கச்சி. கோகிலாவுக்கு இதுல என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லு."

ஹசீனா போனைத் தன் கணினியோடு இணைத்தாள். "மணியெல்லாம் ஒரு இடத்துல கோப்பாக் கெடக்கும். ஆனா நேராப் போனா காட்டாது. நீங்க மாத்திருவீங்கன்னு கம்பெனிக்காரன் ஒளிச்சு வெச்சிருக்கான்." ஒன்றைத் திறந்தாள், அதற்குள் இன்னொன்றை, அதற்குள் இன்னொன்றை. பெயர்கள் வரிசையாக வந்தன. பக்கத்தில் அவரவர் மணியின் நீளம். மோகனசுந்தரம், பதினொரு நொடி. ரத்தினம், முப்பத்தெட்டு. நிவேதா, ஐம்பத்திரண்டு. வானிலை மையம், ஒரு நிமிடம் நான்கு நொடி.

கோகிலா, பூஜ்ஜியம்.

"பூஜ்ஜியம்னா?"

ஹசீனா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். "பாட்டுக் கட்டறதுக்கு உங்க நெஞ்சு ஒண்ணுமே குடுக்கலைங்கண்ணா. அக்கா கூப்பிட்டா துடிப்பு ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல."

"அப்ப கூப்பிட்டா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. சத்தமும் இல்ல, உதறலும் இல்ல. பேர் மட்டும் தெரியும். தொந்தரவில்லாத ஆளுன்னு போன் முடிவு பண்ணிருச்சு."

"தொந்தரவில்லாத ஆளா?" பூபதிக்குப் போனின் அறிவில் முதல் சந்தேகம் வந்தது.

"அண்ணா, அக்காகிட்ட இதைச் சொல்லிராதீங்க. எங்க ஊட்டுக்காரர் போன்ல எனக்குப் பூஜ்ஜியம்னு இருந்துச்சுன்னா, அந்தப் போனை இடிச்சு இட்லிப் பொடியில கலந்துருவேன்."

"மணியையே அடைச்சுரு."

"அடைக்கலாம். எதுக்கு அடைச்சீங்கன்னு கேப்பாங்க."

பூபதி கடையின் ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "வேற ஒருத்தரோடதை நகலெடுத்து அவ பேர்ல வெக்க முடியுமா?"

"முடியும். யாரோடதை?"

ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார்கள். ரத்தினத்தின் கெட்டிமேளம் ஊருக்கே தெரிந்துவிட்டது. நிவேதாவுக்கு ஒரு குழந்தை தூக்கத்தில் சிரிக்கும் சத்தம்; அது அவள் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. கொலுசை ஹசீனா கேட்காமலே தாண்டினாள். மாட்டாஸ்பத்திரி, பால் சொசைட்டி, கேபிள்காரர் எல்லாம் வீட்டில் வைக்கிற சத்தமாக இல்லை.

வானிலை மையத்தைத் தட்டினாள். தொலைவில் எங்கோ ஒரு உறுமல். பிறகு தகரத்தின் மேல் ஒரு துளி. இன்னொன்று. எண்ண முடிகிற அளவில் ஏழெட்டு. பிறகு எண்ண முடியவில்லை. ஹசீனா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டாள்.

"இது யாருங்கண்ணா?"

"யாருமில்ல. மழை வர்றதுக்கு முன்னால எந்திரம் கூப்பிட்டுச் சொல்லும்."

"எந்திரத்துக்கா இப்படி?"

"எங்க ஊர்ல மழை பேஞ்சு நீ பாத்ததில்ல. அதையே வெச்சுரு."

நகலெடுத்தாள். பெயரை மாற்றினாள். கோகிலாவின் எண்ணோடு ஒட்டினாள். பூபதி வீட்டுக்குப் போகும்போது நல்ல பேரம் முடித்தவர்போல இருந்தார். முகத்தில் தெரியவில்லை.

கோகிலா வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். போனில் அழைப்பதற்குப் புடவை எதற்கு என்று பூபதி கேட்கவில்லை.

"வெச்சிருக்கீங்களா பையில?"

"ம்."

"கூப்புடறேன்."

அழுத்தினாள். தொலைவில் உறுமியது. முதல் துளி விழுந்தது. கோகிலாவின் தோள் மெல்லத் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பூபதி அவளைப் பார்த்தார். பொய் என்றாலும் இதை நேற்றே செய்திருக்கலாம் என்று தோன்றியது.

இருபதாவது நொடியில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது.

"கோகிலா! உங்க ஊட்டுக்காரர் போன்ல மழை மணி அடிக்குது! மொளகாயை எடு!"

சாந்தாமணி தன் மிளகாயை வாரிக்கொண்டிருந்தாள். அவள் வாருவதைப் பார்த்து எதிர்வீட்டில் தட்டைப்பயறை வாரினார்கள். தெருக்கோடிவரை ஆட்கள் மாடியேறும் சத்தம். திங்கட்கிழமை வானிலை மையம் அழைத்தபோதும் இதே மணிதான். அரை மணி நேரத்தில் மழை வந்தது. தெரு மறக்கவில்லை.

கோகிலா கண்ணைத் திறந்தாள். வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. பூபதியைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"இது எந்திரத்தோட மணிங்க."

பூபதி பைக்குள் கை விட்டு மழையை நிறுத்தினார்.

"மாட்டுக்காரங்ககிட்ட காட்டற மூஞ்சியை எங்கிட்டக் காட்டாதீங்க. என்னோடது எங்க?"

"இல்ல."

"இல்லைன்னா?"

"காலியா இருந்துச்சு. பூஜ்ஜியம்."

"கொலுசுக்காரிக்கு எத்தனை?"

"ஒம்போது நொடி" என்றார் பூபதி. அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

கோகிலா சண்டை போடவில்லை. சோறு சூடாக வந்தது. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள். பூபதிக்குப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். "வண்டியை எடுங்க. அந்தப் புள்ள கடைக்குப் போலாம். என்ர கண்ணால பாக்கோணும்."

"பாத்துட்டு?"

"அங்கிருந்தே பெங்களூர் பஸ் ஏறிக்கறேன். நிவேதா எத்தனை நாளாக் கூப்பிட்டுட்டு இருக்கறா. பூஜ்ஜியத்துக்கு இங்க என்ன வேலை? சோத்தை எந்திரம் பொங்கட்டும்."

பை கனமாக இருந்தது. வண்டியின் முன்பக்கம் வைத்தபோதே தெரிந்தது. இரண்டு நாள் துணி இல்லை அது.

ஹசீனா இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "அக்கா, அந்த நகல் நான்தான் பண்ணேன். தப்புத்தான்."

"அதை உடு. காட்டு."

மறுபடி ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்தாள். ஒட்டிய மழைக்கு அடியில் போனின் பழைய கணக்கு அப்படியே இருந்தது. கோகிலா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தாள். தன் பெயரையும் பக்கத்தில் இருந்த வட்டத்தையும் பார்த்தாள்.

"வேற எங்கியாச்சும் ஒளிஞ்சிருக்குமா பாரு. நீதான் எல்லாத்தையும் ஒளிச்சு வெக்கறாங்கன்னியாமா."

ஹசீனா அழித்த கோப்புகளில் தேடினாள். பெயரில்லாத கோப்புகளில் தேடினாள். ஒரு எருமை கத்தும் சத்தமும், யாருடையதென்று தெரியாத ஒரு பெருமூச்சும் கிடைத்தன. பெருமூச்சு மின்வாரியத்துடையது.

"இல்லைங்கக்கா."

"எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன் நான்?"

"இருங்க. மணி கட்டி முடிச்சது போன வெள்ளி. அதுல இருந்து நேத்துச் சந்தை வரைக்கும்… இருபத்திமூணு."

"இருபத்திமூணு தடவை. ஒரு சத்தமில்ல." கோகிலா பையின் காதைப் பிடித்தாள். "எத்தனை எடுத்தாரு?"

ஹசீனா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நின்றாள். மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள்.

"இருபத்திமூணும்."

"அதுக்கென்ன?"

"அக்கா, நீங்க கூப்பிட்டா இந்தப் போன் சத்தமே போடாது. உதறாது. பைக்குள்ள சும்மா பேரைக் காட்டிட்டு நிக்கும். இவரு எப்படி எடுத்தாரு?"

மூவரும் போனைப் பார்த்தார்கள்.

"மணி பாக்க வெளிய எடுத்திருப்பேன்" என்றார் பூபதி.

"கையில வாட்ச் கட்டியிருக்கீங்களேண்ணா."

பூபதி தன் மணிக்கட்டைப் பார்த்தார். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

ஹசீனா வேறொரு பக்கத்தைத் திறந்தாள். "நாளைக்கு எம்பது தடவை பையில இருந்து எடுத்துப் பாத்திருக்கீங்க. நாப்பது நாளும் அப்படித்தான். அக்கா கூப்பிடற நேரம் நெருங்கினா நிமிசத்துக்கு ஒருக்கா."

"நான் நேரம் பாத்தெல்லாம் கூப்புடறதில்லையே" என்றாள் கோகிலா. "வேலை முடிஞ்சாக் கூப்புடுவேன். ஒரு நாளைக்கு முன்ன, ஒரு நாளைக்குப் பின்ன."

"அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்குதுங்க. இந்தப் போன் என்ன பாக்கும்னா, அழைப்பு வந்தவுடனே மனுசன் எப்படி மாறறான்னு பாக்கும். வர்றதுக்கு முன்னாலயே கையில வெச்சுட்டு நிக்கறவர்கிட்ட அதுக்கு என்ன கெடைக்கும்? மாறறதுக்கு ஒண்ணுமில்ல. அதான் பூஜ்ஜியம்."

கோகிலா பையைக் காலால் ஸ்டூலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு பூபதியிடம் திரும்பினாள்.

"இதை வாயால சொன்னா என்னங்க?"

"எனக்கே இப்பத்தானே தெரியுது."

"மழையை எடுத்துரட்டுங்களாக்கா?" என்று ஹசீனா கேட்டாள்.

"எடுத்துரு. சாந்தாமணி பாவம், மொளகாயை எத்தனை தடவை வாருவா."

பூபதிக்கு உயிர் வந்திருந்தது. உயிர் வந்தால் தரகருக்கு நாக்கும் வரும். "உன்ர போனைக் குடு. எனக்கு நீ என்ன வெச்சிருக்கறேன்னு பாக்கலாம். ஒருத்தரையே சோதிச்சா எப்படி?"

கோகிலா மறுக்கவில்லை. போனைக் கொடுத்தாள். அதே வகை, அதே அடுக்குகள். நிவேதாவுக்கு ஒரு நிமிடம் பத்து நொடி. சாந்தாமணிக்கு மிக்ஸி. கோகிலாவின் அண்ணன் மனைவிக்கு மிக்ஸியில் கல்.

ஹசீனா பட்டியலின் கீழேவரை போனாள். மேலே வந்தாள்.

"உங்களுது இல்லைங்கண்ணா."

"பூஜ்ஜியமா?" பூபதி பெருமையோடுதான் கேட்டார். இப்போது அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும்.

"பூஜ்ஜியமும் இல்ல. பேரே இல்ல."

"எப்படி இல்லாமப் போகும்?"

"ஒருத்தர் பத்து தடவையாச்சும் கூப்பிட்டிருந்தாத்தான் போன் அவரைக் கணக்குல எடுக்கும். நீங்க அக்காவை ஒரு தடவைகூடக் கூப்பிடலைங்களே."

பூபதி கோகிலாவைப் பார்த்தார். "இவதானே எப்பவும் கூப்புடறா."

"ஆமா" என்றாள் கோகிலா. "நான்தானே எப்பவும்."

கோபமாகச் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் எத்தனையோ பேருடைய இறுகிய கையைப் பூபதி பேசி இளக்கியிருக்கிறார். இப்போது பையில் காசைத் தேடினார். ஹசீனாவிடம் காசு கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

வெளியே வந்தார்கள். பேருந்து நிலையத்துக்குள் பெங்களூர் வண்டி நின்றிருந்தது. நடத்துநர் ஓசூர், ஓசூர் என்று கூவினார். கோகிலா அந்தப் பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு, பையை மடியில் வைத்தபடி ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வீட்டுக்கா, பேருந்துக்கா என்று அவள் சொல்லவில்லை.

பூபதி வண்டியைக் கிளப்பவில்லை. போனை எடுத்தார். பெயரைத் தேட நேரமாயிற்று. அவர் அவளைத் தேடி அழுத்தியதே இல்லை. அழுத்தினார்.

பின்னால் அவள் மடியிலிருந்த பைக்குள் மணி அடித்தது. கடையிலிருந்து வரும்போது எல்லாப் போனிலும் இருக்குமே, அந்தச் சாதாரண மணி. டிரிங், டிரிங்.

கோகிலா உடனே எடுக்கவில்லை. மூன்றாவது டிரிங்கில் எடுத்தாள்.

"சொல்லுங்க."

பூபதி முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் குரல் காதிலும் முதுகிலுமாக இரண்டு தடவை கேட்டது.

"என்ன விசயமுங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கூப்பிட்டீங்க?"

"ம்."

அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. பெங்களூர் பேருந்து பின்னால் வந்து நின்று ஒலி எழுப்பியது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "பெருசு, புதுசாக் கண்ணாலமா? வண்டியை ஓரங்கட்டு!" என்றார்.

"பத்துக்கு இன்னும் ஒம்போது இருக்குதுங்க" என்றாள் கோகிலா, போனில். "ஊட்டுல போயிக் கூப்பிடலாம். வண்டியை எடுங்க."